கடல்கடந்த அழைப்பு: மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரும் அயல்நாட்டுத் தொலைபேசித் தொடர்பின் வரலாறும்

முன்னுரை

கோலாலம்பூரிலிருந்து மதுரையிலுள்ள ஒரு வீட்டுத் தொலைபேசியை அழைக்க விரும்புபவர் முதலில் 00, அடுத்து 91, பின்னர் 452, இறுதியாக அவ்வீட்டின் எண் என்ற வரிசையில் எண்களை அழுத்துகிறார். சில நொடிகளில் மறுமுனையில் மணி ஒலிக்கிறது. அன்றாட வழக்கமாகிவிட்டமையால் இவ்வரிசை எவ்வாறு உருவாயிற்று என்பதனை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் இவ்வெண்களின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரலாறு உண்டு. முதற்பகுதி தொலைபேசி இயக்குநரின் இடத்தை நிரப்பியது. இரண்டாம் பகுதி 1964-இல் உலக நாடுகளை வகைப்படுத்திய ஓர் ஏற்பாட்டின் விளைவு. மூன்றாம் பகுதி அழைக்கப்படும் ஊர் தன் நாட்டின் தொலைபேசி வலைப்பின்னலில் இடம்பெற்றதற்கான சான்று.

மலாயாவில் குடியேறிய தமிழர்களைப் பற்றிய ஆய்வுகள் அவர்தம் பயணம், தொழில், கல்வி, சமயம், இலக்கியம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளன. அவர்கள் தாயகத்து உறவினரோடு எவ்வாறு பேசினர் என்னும் வினாவும் அவற்றோடு சேர்த்து எழுப்பத் தக்கதே. பினாங்கிற்கும் சென்னைக்கும் இடையே தந்திக் கம்பிவடம் இடப்பட்டது 1870-இல். அதன் பின்னர் ஒரு தோட்டத் தொழிலாளியின் குரல் அதே கடலைக் கடந்து தமிழகத்துச் சிற்றூர் ஒன்றை எட்டுவதற்கு நூறாண்டிற்கும் மேலாயிற்று. இக்காலத் தாழ்ச்சிக்குக் கடல் காரணமன்று. இரு கரைகளிலும் சாதாரண மக்களின் வாழிடங்கள்வரை தொலைபேசி சென்று சேராமையே காரணம் என்பதனை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது. அதனோடு, கடிதத்தின் இடத்தைக் குரல் பிடித்துக்கொண்டதால் நம் சமூக வரலாற்று ஆவணங்களுக்கு நேர்ந்த இழப்பையும் இது சுட்டுகிறது.

தந்தியும் கப்பலும்

பிரித்தானிய இந்திய விரிவாக்கத் தந்தி நிறுவனம் சென்னையிலிருந்து பினாங்கிற்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பிவடம் இட்டது. 1870-71 ஆண்டுகளில் நிறைவேறிய இப்பணியால் நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவின் வழியாக இலண்டனோடு இணைந்தன. கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்த செய்தி, நாள்கணக்கிலும் பின்னர் மணிக்கணக்கிலும் வந்து சேர்ந்தது. இதனால் பயன்பெற்றவர்கள் அரசு அதிகாரிகள், வணிக நிறுவனங்கள், செய்தி நிறுவனங்கள் ஆகியோரே. தந்திக்குச் சொல் எண்ணிக் கட்டணம் விதிக்கப்பட்டமையால் வணிகர்கள் ஒரு சொல்லால் ஒரு தொடரையே உணர்த்தும் குறிச்சொல் நூல்களைப் பயன்படுத்தினர்.

தமிழர் நோக்கில் இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. கடல்கடந்த தந்தி ரோமன் எழுத்துகளில் அனுப்பப்பட்டது. தமிழில் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தோ ரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதியோதான் அனுப்ப இயலும். ஆங்கிலம் அறியாத குடும்பத்திற்கு அதனைப் படித்துச் சொல்ல மற்றொருவர் வேண்டும். எனவே தந்தி பெரும்பாலும் இறப்பு, கடும்நோய், கப்பல் வருகை ஆகிய அவசரச் செய்திகளுக்கே உரியதாயிற்று. தந்தி வந்தது என்றாலே வீட்டில் அழுகை எழும் வழக்கம் இதனால் தோன்றியதே.

எஞ்சிய உறவாடல் முழுவதும் கடிதத்தின் வழியே நடந்தது. எழுத்தறியாதார் கங்காணி, கிராணி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் போன்றோரைக் கொண்டு கடிதம் எழுதுவித்தனர். சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் ஆட்களோடு அஞ்சல் மூட்டைகளையும் சுமந்தன. 1926 முதல் 1973 வரை பணியாற்றிய 'ரஜூலா', அதன்பின் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' ஆகிய கப்பல்களின் பெயர்கள் முதிய தலைமுறையினர்க்கு இன்றும் நினைவிலுள்ளன. 1985-இல் நேர்ந்த தீவிபத்திற்குப் பின் சிதம்பரம் கப்பலின் பயணம் நின்றது. இக்கப்பற் காலம் முடிவுற்றதும் நேரடித் தொலைபேசி அழைப்பு பரவத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தவை.

இயக்குநர் வழி அழைப்பு

பெருங்கடலைக் கடந்து மனிதக் குரலைக் கொண்டுசென்ற முதற்கருவி கம்பிவடமன்று, வானொலி அலையாகும். நியூயார்க்கிற்கும் இலண்டனுக்கும் இடையே வணிக அடிப்படையிலான வானொலித் தொலைபேசிச் சேவை 1927 சனவரியில் தொடங்கியது. அப்பொழுது மூன்று நிமிட அழைப்பிற்கு 75 அமெரிக்க வெள்ளி கட்டணம். இந்தியாவிற்கும் இங்கிலாந்திற்கும் இடையே இத்தகைய சேவை 1933-இல் ஏற்பட்டது. சிற்றலை வானொலியை நம்பிய இவ்வழைப்புகள் வானிலைக்கும் பொழுதிற்கும் ஏற்ப மங்கியும் இரைந்தும் ஒலித்தன. பேசுவோர் பிறரால் கேட்கப்படும் வாய்ப்பும் இருந்தது.

குரலைத் தாங்கும் கடலடிக் கம்பிவடம் உருவாக நெடுங்காலம் ஆனமைக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. தந்திக் குறிகள் மெலிந்து வந்தாலும் அவற்றைப் படித்தறியலாம். குரலலையோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கம்பியைக் கடக்கையில் முற்றும் தேய்ந்துவிடும். இடையிடையே அதனைப் பெருக்கும் கருவிகள் ஆழ்கடலில் பழுதின்றிப் பல்லாண்டு இயங்க வேண்டும். இந்நிலை 1956-இல் அட்லாண்டிக் பெருங்கடலில் இடப்பட்ட முதல் தொலைபேசிக் கம்பிவடத்தால் எய்தப்பட்டது. அதற்குப் பின்னர்க் காமன்வெல்த் நாடுகள் கூட்டாக இட்ட 'சீகாம்' கம்பிவடம் சிங்கப்பூரை ஜெசல்டன், ஹாங்காங், குவாம், நியூகினி வழியாக ஆஸ்திரேலியாவோடு இணைத்தது. இது 1967-இல் நிறைவுற்றது. இன்று கோத்தா கினபாலு என வழங்கும் நகரமே ஜெசல்டன் ஆகும்.

அடுத்து வந்தது துணைக்கோள். மலேசியாவின் முதல் துணைக்கோள் தரைநிலையம் குவாந்தானில் 1970-இலும், சிங்கப்பூரின் செந்தோசா நிலையம் 1971-இலும் இயங்கத் தொடங்கின. இந்தியாவின் ஆர்வி நிலையமும் புனே நகருக்கு அருகில் 1971-இல் அமைந்தது. இவை இன்டெல்சாட் துணைக்கோள்களின் வழி இயங்கின. நிலநடுக்கோட்டிற்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் துணைக்கோளுக்குச் சென்று திரும்பக் குரலுக்குக் கால் நொடி ஆகும். ஒருவர் கேட்ட வினாவிற்கு விடை வந்து சேர அரை நொடிக்கும் மேலாகும். இச்சிறு இடைவெளியைப் பொருட்படுத்தாது இருவரும் ஒருசேரப் பேசிக் குழம்புவதும், பின்னர் இருவரும் ஒருசேர அமைதி காப்பதும் அக்கால அழைப்புகளின் பொதுவியல்பு.

இக்காலகட்டத்தில் அயல்நாட்டை அழைக்க விரும்பியவர் எண்ணைத் தாமே சுழற்ற இயலாது. முதலில் அயல்நாட்டு அழைப்புப் பிரிவின் இயக்குநரிடம் பதிவு செய்ய வேண்டும். அவர் மறுநாட்டு இயக்குநரை அழைப்பார். மறுநாட்டு இயக்குநர் உரிய நகரின் இணைப்பகத்தை நாடுவார். வழிகள் அனைத்தும் கிடைத்த பின்னரே பதிவு செய்தவருக்கு மணி ஒலிக்கும். காத்திருப்பு மணிக்கணக்கில் நீளக்கூடும். எண்ணுக்குரிய அழைப்பு, ஆளுக்குரிய அழைப்பு என இருவகை உண்டு. ஆளுக்குரிய அழைப்பில், குறிப்பிட்ட நபர் வந்து பேசினாலன்றிப் பேச்சுக் கட்டணம் இல்லை. ஆனால் அதன் கட்டண வீதம் கூடுதல். அழைக்கப்பட்டவரே கட்டணம் ஏற்கும் முறையும் இருந்தது. குறைந்த அளவாக மூன்று நிமிடங்களுக்குக் கட்டணம் பெறும் வழக்கம் பரவலாக இருந்தமையால், பேச வேண்டியவற்றை முன்னரே தாளில் எழுதி வைத்துக்கொள்வர்.

நாட்டுக் குறியீட்டு எண்களின் தோற்றம்

இயக்குநரின் துணையின்றிப் பயனீட்டாளர் தாமே அயல்நாட்டை அழைக்க வேண்டுமாயின், உலகிலுள்ள ஒவ்வொரு தொலைபேசிக்கும் மயக்கமற்ற தனி எண் வேண்டும். இலண்டனிலிருந்து பாரிசுக்கு நேரடியாக எண் சுழற்றும் வசதி 1963-இல் வந்தது. அடுத்த ஆண்டில், அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஆலோசனைக் குழு உலகத்தை மண்டலங்களாகப் பகுத்து நாட்டுக் குறியீடுகளை வகுத்தது. ஒன்றில் தொடங்குவன வட அமெரிக்காவிற்கும், இரண்டில் தொடங்குவன பெரும்பாலும் ஆப்பிரிக்காவிற்கும், மூன்றிலும் நான்கிலும் தொடங்குவன ஐரோப்பாவிற்கும், ஐந்தில் தொடங்குவன தென் அமெரிக்காவிற்கும் உரியனவாயின. தென்கிழக்காசியாவும் ஓசியானியாவும் ஆறாம் மண்டலம். அன்றைய சோவியத் ஒன்றியம் ஏழாம் மண்டலம். கிழக்காசியா எட்டாம் மண்டலம். மேற்காசியாவும் தெற்காசியாவும் ஒன்பதாம் மண்டலம். மலேசியாவிற்கு 60, சிங்கப்பூருக்கு 65, இந்தியாவிற்கு 91, இலங்கைக்கு 94 என அமைந்தமைக்கு இப்பகுப்பே அடிப்படை.

குறியீடுகளின் நீளம் ஒன்றாக இல்லாமைக்கும் காரணம் உண்டு. சுழல்தட்டுத் தொலைபேசியில் ஒவ்வோர் இலக்கமும் துடிப்புகளாகச் சென்றது. ஒன்று என்னும் இலக்கத்திற்கு ஒரு துடிப்பு; சுழியத்திற்குப் பத்துத் துடிப்புகள். எண் நீண்டால் சுழற்றும் காலம் மிகும், பிழையும் மிகும். ஆகவே தொலைபேசிகள் மிகுந்த அல்லது மிகும் என எதிர்பார்க்கப்பட்ட நாடுகளுக்குக் குறுகிய குறியீடுகளும், சிறிய நாடுகளுக்கு மூன்றிலக்கக் குறியீடுகளும் வழங்கப்பட்டன. நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து முழு எண் 12 இலக்கத்தைக் கடத்தல் கூடாது என்ற வரம்பு 1996-ஆம் ஆண்டின் இறுதியில் 15 இலக்கமாக உயர்ந்தது.

இவ்வெண்முறையில் அரசியல் வரலாற்றின் சுவடுகளும் காணப்படுகின்றன. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நுண்ணலை வழியாக நேரடி நெடுந்தொலைவு அழைப்பு 1962-இல் தொடங்கியது. 1965-இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. ஆயினும் மலேசியாவிலிருந்து சிங்கப்பூரை அழைப்போர், பினாங்கிற்கு 04, ஈப்போவிற்கு 05 என்பது போல, 02 என்னும் வட்டார எண்ணைப் பயன்படுத்தும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. சிங்கப்பூரிலிருந்து மலேசியாவை அழைப்போரும் 020 என்னும் தனிவழியைக் கையாண்டனர். அரசியல் எல்லை பிரிந்த பின்னரும் தொலைபேசி எண்முறை இரு நிலங்களையும் அண்டை வட்டாரங்களாகவே கருதியது என்பது இதனால் அறியலாகும்.

வழக்குச் சொற்களிலும் வேறுபாடு உண்டு. பிரித்தானிய மரபையொட்டித் தமிழகத்தில் இச்சேவை 'ஐ.எஸ்.டி.' என வழங்கியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'ஐ.டி.டி.' என்பதே வழக்காயிற்று. ஒரே பொருளைக் குறிக்கும் இவ்விரு சொற்களுள் ஒருவர் எதனைக் கையாள்கிறார் என்பதைக் கொண்டே அவர் எக்கரையைச் சேர்ந்தவர் என்பதனை உணர்ந்துகொள்ள இயன்றது.

நேரடி அழைப்பும் எதிர்முனையும்

மலேசியாவில் பன்னாட்டு நேரடி அழைப்பு வசதி 1979-இல் அறிமுகமாயிற்று. சென்னைக்கும் பினாங்கிற்கும் இடையே தொலைபேசிக் கம்பிவடம் 1981-இல் இடப்பட்டது. முதல் தந்திக் கம்பிவடம் சென்ற அதே இரு துறைமுகங்களுக்கிடையே, ஏறத்தாழ 110 ஆண்டுகளுக்குப் பின்னர், குரல் செல்லும் வழி அமைந்தது. தொழில்நுட்ப நோக்கில் இத்துடன் கடல் கடக்கப்பட்டது. சமூக நோக்கில் அவ்வாறு கொள்வதற்கில்லை.

அக்காலத் தமிழ்க் குடும்பங்களின் நிலையை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். மலாயாவிற்குத் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்தது. அதன்பின் வருகை குறைந்ததேயன்றிப் போக்குவரவு அற்றுப்போகவில்லை. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை பெறாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. அதனை அடுத்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். பெற்றோர் அங்கும் மணமான மகள் இங்குமாக, அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறுகரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. தொலைபேசியின் தேவை மிகுதியாக உணரப்பட்ட குடும்பங்கள் இவையே. இவர்களுக்கே அது எட்டாதிருந்தது.

மலேசியத் தோட்டங்களில் தொலைபேசி பெரும்பாலும் அலுவலகத்திலும் மேலாளர் இல்லத்திலுமே இருந்தது. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்கு வரவில்லை. தமிழகத்தின் நிலை இதனினும் கடினமானது. இந்தியாவில் இயக்குநரின்றி நெடுந்தொலைவு அழைக்கும் வசதி 1960-இல் கான்பூர், இலக்னோ நகரங்களுக்கிடையே தொடங்கியது. மும்பாயிலிருந்து இலண்டனுக்கு நேரடி அழைப்பு 1976-இல் கைகூடிற்று. ஆனால் நகரங்களிலேயே தொலைபேசி இணைப்பிற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை. சிற்றூர்களில் அஞ்சலகத்திலோ வசதி படைத்த ஓரிரு வீடுகளிலோ மட்டும் தொலைபேசி காணப்பட்டது.

இந்நிலையை மாற்றியவை இரண்டு. முதலாவது, 1984-இல் நிறுவப்பட்ட தொலைத்தொடர்பு வளர்ச்சி மையமாகிய 'சி-டாட்' வடிவமைத்த சிறு மின்னணு இணைப்பகம். குளிரூட்டப்பட்ட அறையின்றி வெப்பத்திலும் புழுதியிலும் இயங்குமாறு அமைந்த 128 இணைப்புகள் கொண்ட இக்கருவி 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதன்முதலாக நிறுவப்பட்டது. பின்னர் நாட்டின் சிற்றூர்களுக்குப் பரவியது. இரண்டாவது, தனியாரிடம் தரகு அடிப்படையில் ஒப்படைக்கப்பட்ட பொதுத் தொலைபேசி நிலையம். 'எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ.' என எழுதிய மஞ்சள் நிறப் பலகை தாங்கிய இக்கடைகள் 1980-களின் பிற்பகுதி முதல் பேருந்து நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் பெருகின. கண்ணாடிக் கூண்டு, ஓடும் கட்டணத்தைக் காட்டும் கருவி, பேசி முடித்ததும் வெளிவரும் அச்சுச் சீட்டு ஆகியவை அவற்றின் அடையாளம். தொலைபேசி வாங்க இயலாதவரும் அதனைப் பயன்படுத்தலாம் என்ற நிலையை இக்கடைகளே உருவாக்கின.

இவ்வமைப்பையொட்டிப் புதிய நடைமுறைகளும் தோன்றின. கடிதத் தலைப்பிலும் திருமண அழைப்பிதழிலும் தொலைபேசி எண்ணின் அருகில் 'பி.பி.' எனக் குறிப்பது தமிழகத்தில் வழக்கமாயிற்று. அவ்வெண் அண்டை வீட்டாருடையது அல்லது கடைக்காரருடையது என்பதும், உரியவரை அழைத்து வரச் செய்தல் வேண்டும் என்பதும் அதன் பொருள். மலேசியாவிலிருந்து அழைப்பவர் முதலில் கடிதம் எழுதி, இன்ன நாள் இன்ன நேரத்தில் அழைப்பதாக அறிவிப்பார். குறித்த நேரத்தில் குடும்பத்தார் அனைவரும் அக்கடையில் கூடுவர். கடிதத்தை நீக்க வந்ததாகக் கருதப்பட்ட தொலைபேசி, தொடக்கத்தில் கடிதத்தையே துணைக்கொண்டு இயங்கியது என்பது கருதத்தக்கது.

இத்தகைய முன்னேற்பாட்டிற்கு நேரக் கணக்கும் இன்றியமையாதது. 1981-ஆம் ஆண்டின் இறுதிவரை தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் இந்திய நேரத்திற்கு இரண்டு மணி முன்னதாக இருந்தன. 1982 சனவரி முதல் நாளில் இரு நாடுகளும் கடிகாரத்தை அரைமணி முன்னே நகர்த்தியமையால் வேறுபாடு இரண்டரை மணியாயிற்று. கோலாலம்பூரில் இரவு எட்டு மணிக்கு அழைப்பவர் தமிழகத்தில் மாலை ஐந்தரை மணிக்குக் காத்திருக்குமாறு எழுத வேண்டியதாயிற்று.

எதிர்முனையின் முதன்மையை உணர்த்தும் மற்றொரு சான்று யாழ்ப்பாணம். மலாயாவின் எழுத்தர், இரயில்வே, மருத்துவப் பணிகளுக்கு வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் கல்வியும் வசதியும் பெற்றவை. இருப்பினும் 1990-களின் போர்ச்சூழலில் குடாநாட்டின் தொலைபேசித் தொடர்பு நெடுங்காலம் அறுந்திருந்தபோது, இக்கரையில் இருந்த எவ்வசதியும் பயன்படவில்லை.

கட்டணமும் அதன் வீழ்ச்சியும்

அயல்நாட்டு அழைப்பின் கட்டணம் உயர்ந்திருந்தமைக்குத் தொலைவு மட்டும் காரணமன்று. அழைக்கும் நாட்டின் தொலைபேசித் துறை, அழைக்கப்படும் நாட்டின் துறைக்கு ஒப்பந்த வீதத்தில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டும். பல நாடுகளில் இத்துறை அரசின் தனியுரிமையாக இருந்தமையால், அயல்நாட்டு அழைப்பில் ஈட்டிய வருவாயைக் கொண்டு உள்ளூர்க் கட்டணத்தைத் தாழ்வாக வைக்க முடிந்தது. இவ்வகையில், அயலகத்து உறவினரோடு பேசிய குடும்பங்கள் பிறருடைய உள்ளூர் அழைப்பின் செலவில் ஒரு பகுதியைச் சுமந்தன எனலாம்.

தனியுரிமை தளர்ந்தபோது கட்டணமும் சரிந்தது. மலேசியத் தொலைத்தொடர்புத் துறை 1987-இல் நிறுவனமாக்கப்பட்டது. சிங்கப்பூர் 2000 ஏப்ரலில் சந்தையை முழுமையாகத் திறந்துவிட்டது. இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனத்தின் அயல்நாட்டுத் தனியுரிமை 2002 மார்ச்சில் முடிவுற்றது. அடுத்த மாதமே இணையவழித் தொலைபேசிக்கும் அனுமதி கிடைத்தது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஒளியிழைக் கம்பிவடங்கள் 2002-இலும் 2004-இலும் செயற்பாட்டிற்கு வந்தன. இக்காலத்தில் முன்கட்டண அழைப்பு அட்டைகள் மளிகைக் கடைகளில் விற்கப்பட்டன. அட்டையைச் சுரண்டி மறையெண்ணைக் கண்டு, உள்ளூர் அணுகு எண்ணை அழைத்து, மறையெண்ணையும் பின்னர் அயல்நாட்டு எண்ணையும் அழுத்தும் முறையைப் படிப்பறியாத் தொழிலாளரும் பழகிக்கொண்டனர். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ஞாயிறுதோறும் கூடிய தமிழகத் தொழிலாளர்களுக்கு இவ்வட்டை சம்பளப் பணத்தின் தவறாத செலவாக விளங்கியது.

இன்றைய எண்முறையும் அதன் விதிகளும்

கருவிகள் மாறினும் 1964-இன் அடிப்படை மாறவில்லை. அயல்நாட்டு அழைப்பின் எண்வரிசை நான்கு உறுப்புகளைக் கொண்டது: அயல்நாட்டு அணுகு எண், நாட்டுக் குறியீடு, வட்டாரக் குறியீடு, உள்ளூர் எண். அணுகு எண் அழைக்கும் நாட்டைப் பொறுத்தது. மலேசியாவிலும் இந்தியாவிலும் அது 00. சிங்கப்பூரில் 001 முதலியவற்றுள் ஒன்று. மலேசியாவில் முன்னர் 007 என்பது வழக்கிலிருந்தது. கைப்பேசியில் கூட்டல் குறியை இட்டால் அக்கருவியே உரிய அணுகு எண்ணைக் கொள்ளும்.

பிழை நேருமிடம் பெரும்பாலும் வட்டாரக் குறியீட்டின் முன்னுள்ள சுழியமே. அச்சுழியம் அவ்வூர் எண்ணின் பகுதியன்று. உள்நாட்டில் நெடுந்தொலைவு அழைப்பிற்கு முன்வைக்கப்படும் குறியாகும். எனவே கோலாலம்பூரின் 03 என்பது அயல்நாட்டிலிருந்து அழைக்கும்போது 60-3 ஆகும். சென்னையின் 044 என்பது 91-44 ஆகும். யாழ்ப்பாணத்தின் 021 என்பது 94-21 ஆகும். 012 எனத் தொடங்கும் மலேசியக் கைப்பேசி எண் 60-12 எனத் தொடங்கும். சிங்கப்பூருக்கு வட்டாரக் குறியீடு இல்லை. 2002 மார்ச் முதல் அங்கு எட்டிலக்க எண்களே உள்ளன. இத்தாலி இவ்விதிக்குப் புறனடை. அங்குத் தரைவழி எண்ணின் முதற்சுழியத்தை நீக்குதல் கூடாது.

இணையவழிச் செயலிகள் அயல்நாட்டு அழைப்பின் தனிக் கட்டணத்தைப் பெரிதும் நீக்கிவிட்டன. வாட்சாப் 2015-இல் குரல் அழைப்பைப் பரவலாக்கியது. அச்செயலியும் பயனீட்டாளரை நாட்டுக் குறியீட்டோடு கூடிய எண்ணைக் கொண்டே அறிகிறது. அழைப்பு எங்கிருந்து வருகிறது என்பதனைக் காட்டும் அடையாளமாகவும் குறியீடு பயன்படுகிறது. மோசடி அழைப்புகளைத் தடுக்கும் முயற்சியாக, அயல்நாட்டிலிருந்து வரும் அழைப்புகளின் எண்ணுக்கு முன் கூட்டல் குறி காட்டப்படும் முறையைச் சிங்கப்பூர் 2020-இல் நடைமுறைப்படுத்தியது.

குரலும் ஆவணமும்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து இரு முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது மொழி பற்றியது. தந்தி தமிழைப் பிறமொழி எழுத்தில் ஏற்றிச் சென்றது. கடிதம் எழுத்தறிந்தாரின் துணையை வேண்டியது. தொலைபேசியே தமிழின் பேச்சு வடிவத்தை, வட்டார வழக்கும் தழுதழுப்பும் மாறாது, இடையே எழுதுவாரும் படிப்பாரும் இன்றிக் கடல்கடத்தியது. எழுத்தறியாத தாய் தன் மகனோடு பிறர் அறியாமல் தனித்துப் பேச இயன்றது இதனாலேயே. ஒப்பாரியும் தாலாட்டும்கூடக் கம்பியின் வழிச் சென்றன.

இரண்டாவது ஆவணம் பற்றியது. கடிதம் பெட்டியில் கிடக்கும். பேரப்பிள்ளைகள் எடுத்துப் படிக்கலாம். ஆய்வாளர் காலத்தைக் கணிக்கலாம். தொலைபேசிப் பேச்சு முடிந்தவுடன் மறைந்துவிடுகிறது. குடும்பங்கள் கடிதத்தைக் கைவிட்டுத் தொலைபேசிக்கு மாறிய 1980, 1990-களே நகர்ப்புறக் குடிபெயர்வு மலேசியத் தமிழர் வாழ்வை மாற்றிய காலமுமாகும். சமூகம் பெரிதும் மாறிய வேளையில் அம்மாற்றத்தைப் பற்றி உறவினர்க்குச் சொன்ன சொற்கள் எழுத்தில் நிற்காமற் போயின. முந்தைய தலைமுறையின் தனிவாழ்வை அறியக் கடிதங்கள் துணைசெய்வதுபோல், இத்தலைமுறையை அறியத் துணைசெய்யும் எழுத்துச் சான்று அருகியே கிடைக்கும்.

இக்குறையை ஓரளவேனும் நிரப்பும் வழி வாய்மொழி வரலாறாகும். இயக்குநரிடம் பதிவு செய்து காத்திருந்தவர்களும், கடையில் கூடி நின்று பேசியவர்களும் இன்று முதுமை எய்தியுள்ளனர். அயல்நாட்டு அழைப்புப் பிரிவில் பணியாற்றிய தமிழர்களின் அனுபவமும் பதிவு செய்யத்தக்கது. இப்பணியில் தமிழாசிரியர்கள் பெரும்பங்கு ஆற்றலாம். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடம், முதன்முதலில் கடல்கடந்து யாரோடு பேசினீர்கள், எங்கிருந்து பேசினீர்கள், என்ன சொன்னீர்கள், எதனைச் சொல்லாமல் விட்டீர்கள் என்று கேட்டு எழுதுவது, கட்டுரைப் பயிற்சியாகவும் வரலாற்றுப் பதிவாகவும் அமையும். பழைய முகவரிக் குறிப்பேடுகள், பி.பி. எண் தாங்கிய அழைப்பிதழ்கள், தொலைபேசி நிலையச் சீட்டுகள், அழைப்பு அட்டைகள் ஆகியனவும் குப்பையாகக் கழிக்கப்படாமல் திரட்டப்பெறல் வேண்டும்.

முடிவுரை

தொலைத்தொடர்பின் வரலாறு பொதுவாகக் கம்பிவடங்களும் துணைக்கோள்களும் தோன்றிய ஆண்டுகளைக் கொண்டே எழுதப்படுகிறது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரைப் பொறுத்தவரை அவ்வாண்டுகள் வழி திறந்ததை மட்டுமே காட்டும். அவ்வழியில் யார், எப்பொழுது நடந்தனர் என்பதனை அறியத் தோட்டக் குடியிருப்பையும் தமிழகத்துக் கடைத்தெருவையும் நோக்க வேண்டும். 1870-இல் வணிகருக்குத் திறந்த கடல்வழி, தொழிலாளியின் குரலுக்குத் திறந்தது மஞ்சட் பலகைகள் ஊர்தோறும் தோன்றிய பின்னரே. அக்குரல்கள் பொதுவாகப் பதிந்து வைக்கப்படவில்லை. பேசியவர்களின் நினைவே எஞ்சியுள்ள ஆவணம். அதனைக் கேட்டு எழுதும் காலம் இதுவே.